அறிவியல் புனைகதை எழுதப் பழகுகிறவர்களுக்கு, பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து

அறிவியல் புனைகதை எழுத ஆசை என்று வரும் இளையவர்களில் பலர் முதலில் எடுப்பது விண்கலத்தை. அதில் இருப்பவர்களுக்கு ஊர் கிடையாது, வேலை கிடையாது, கடனும் கிடையாது. நாலு பக்கத்தில் கதை நின்றுவிடுகிறது. நான் பழகிய வழி வேறு. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறியும் நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து இந்த டவுனில் இருந்துகொண்டு, சுற்றியுள்ள தோட்டங்களின் வரலாற்றைப் படித்துத்தான் இந்த எழுத்தைக் கற்றேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பக்கத்தில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். மலாயாவில் வணிகத்துக்கென்று, எண்ணெய் தரும் செம்பனையை முதலில் நட்டது அங்கேதான், 1917-இல். செம்பனையின் சொந்த மண் ஆப்பிரிக்கா. மரம் இங்கே வந்து சேர்ந்தது, அதன் பூவில் வாழும் வண்டு அதனோடு சேர்ந்து வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் ஆட்களே மரம் மரமாகப் போய்ப் பூவில் மகரந்தம் தூவினார்கள். பிறகு ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஒரு சின்ன வண்டுதான் என்று காட்டினார். 1981-இல் அந்த வண்டை மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். காய்ப்பிடிப்பு கூடியது. மகரந்தம் தூவும் வேலை இல்லாமல் போனது.

இது நடந்த கதை. ஆனால் இந்த வகை எழுத்துக்கு வேண்டிய பாடம் முழுக்க இதில் இருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்று: ஒரு வண்டு வந்தது. அதன் பிறகு விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், யார் எந்த வேலைக்குப் போனார்கள்? குலை கனத்துவிட்டதே, அறுக்கிறவர் தோள் என்ன ஆனது? கூடுதலாக வந்த எண்ணெய்ப் பணம் எந்தப் பக்கம் போனது? நான் கதை தொடங்கும்போது இந்தக் கேள்விகளைத்தான் நோட்டில் எழுதுகிறேன். ஒரு மாற்றம் மட்டும். அது யாருடைய வேலையைத் தின்கிறது, யாருக்குச் சுமையைக் கூட்டுகிறது, யார் பையை நிரப்புகிறது என்று பக்கம் நிறையும்வரை எழுதிப் பார்ப்பேன். பாத்திரத்துக்குப் பெயர் வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே கதைக்குரிய ஆள் எழுந்து நின்றுவிடுவார்.

அறிவியலுக்குப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. இடைநிலைப் பள்ளியின் படிவம் நான்கு இயற்பியல் பாடநூலே வெகுதூரம் கொண்டுபோகும். செவ்வாயில் ஈர்ப்பு, பூமியில் உள்ளதில் சுமார் 38 விழுக்காடு. அங்கே கூரை போட்ட ஒரு செம்பனைத் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோ குலையைத் தூக்கினால் கைக்கு ஏறக்குறைய 11 கிலோ போலத்தான் இருக்கும். சரி, வேலை சுலபம் என்று எழுதிவிடாதீர்கள். எடைதான் குறைந்தது, நிறை அப்படியே இருக்கிறது. குலை நிரம்பிய தள்ளுவண்டி வேகம் எடுத்துவிட்டால் அதை நிறுத்த இங்கே வேண்டிய அதே விசை அங்கேயும் வேண்டும். ஆனால் தரையில் காலுக்குப் பிடிமானம் குறைவு. புதிதாக வந்த ஆளுக்கு முதல் நாளே அடிபடுவது அங்கேதான். ஒரு எண்ணை விடாமல் தொடர்ந்து போனால் காட்சி இப்படித் தானாக வரும்.

உரையாடலும் அதே மாதிரி. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு சமிக்ஞை ஒரு வழி போக, கோள்கள் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும். தொலைபேசியில் போல் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்று எழுத முடியாது. அங்கிருக்கும் அப்பாவும் இங்கிருக்கும் மகளும் கடிதம் மாதிரிதான் பேச வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் இங்கே வந்தவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள். பதில் வருவதற்குள் நிலைமை மாறிவிடும் என்று தெரிந்தே எழுதும் மொழி அதில் இருக்கிறது. செவ்வாய்க்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை.

மாயக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. மந்திரத்துக்கு எல்லை வேண்டும், விலை வேண்டும். இந்த இலக்கணம் நம் காவல் தெய்வங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தோட்டத்து எல்லையில் மரத்தடி முனியாண்டி எதைக் காக்கிறார், எது வரை காக்கிறார், என்ன படையல் கேட்கிறார் என்பதெல்லாம் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த யாருக்கும் தெரியும். இப்போது தோட்டத்தை விற்று வீடமைப்பு வருகிறது. எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அவருடைய காவல் எங்கே முடிகிறது? புது வீட்டுக்குக் குடிவந்தவரும், அவரைப் பற்றி எதுவும் தெரியாமலே, அந்தக் காவலுக்குள் வருவாரா? இதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் உங்கள் உலகத்தின் விதி. ஒருமுறை சொன்னால் கடைசி வரி வரைக்கும் அதை மீறக் கூடாது. வெளிநாட்டு டிராகனைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

எழுதியதை எழுத்தாளரிடம் காட்டும் முன் வேலை தெரிந்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இயந்திரம் பற்றி நான் எழுதிய ஒரு கதையை, பல காலம் பால் மரம் வெட்டிய அத்தை ஒருவர் அமைதியாகக் கேட்டார். முடிந்ததும், "ஏம்மா, மழை பெஞ்சா அதுக்கும் சம்பளம் கெடையாதா?" என்றார். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பிறகு அவரே சொன்னார். அதுவரை இயந்திரத்தைப் பற்றி இருந்த கதை, அன்றைக்கு மழையைப் பற்றிய கதை ஆனது.

மொழியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கதைசொல்லி நல்ல எழுத்துத் தமிழில் சொல்லட்டும். பாத்திரங்கள் ரப்பரைக் கித்தா என்றும், கங்காணியை மண்டோர் என்றும் தோட்டத்துப் பேச்சிலேயே பேசட்டும். எதிர்காலத்தில் நடக்கிறது என்பதற்காக அவர்கள் பாடநூல் மாதிரி பேச வேண்டியதில்லை. புதுக் கருவிக்கும் தொழிலாளிகள் வாயில் வரக்கூடிய செல்லப்பெயர் ஒன்று வையுங்கள், விளக்கப் பத்தி ஒன்று மிச்சமாகும்.

அனுப்ப இடம் இருக்கிறது. நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் சிறுகதை போடுகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் பேரவைக் கதைகள் போட்டி மாணவர்கள் கட்டாயம் முயல வேண்டிய ஒன்று. விதிகளில் சொல் வரம்பை முதலில் பாருங்கள். சிறுகதையின் இடத்தில் இரண்டு புது மாற்றங்களுக்கு மூச்சுவிட இடம் இருக்காது. இரண்டாவது நல்லதாகத் தோன்றினால் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதி வையுங்கள், அடுத்த கதைக்கு ஆகும்.