பஹ்ரைன் ஏஜென்சியை ஓட்டியவர்கள்

வளைகுடா ஷேக்குகளை பிரிட்டிஷ்காரர்கள் எப்படிக் கைக்குள் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் போர்க்கப்பல் என்றுதான் பதில் வரும். ஏஜென்சி என்று சொல்லப்பட்ட பிரிட்டிஷ் அரசியல் அலுவலகங்களின் பழைய கோப்புகளை ஸ்கேன் பக்கங்களில் படித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சுருக்கம் எழுதிக் கேட்டலாக் செய்கிற வேலையில் சில வருஷம் இருந்த பிறகு என்னால் அவ்வளவு சுலபமாக அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. கப்பல் வரவேண்டிய நாளில் வந்தது, உண்மை. மற்ற நாட்களிலெல்லாம் ஆட்சி நடந்தது ஒரு மேசை மேல். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரும் நாம் போட்டோவில் பார்க்கிற தொப்பி வைத்த அதிகாரி இல்லை, குமாஸ்தா.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். வளைகுடா ஏஜென்சிகளுக்கெல்லாம் மேலே பாரசீக வளைகுடா ரெசிடென்சி என்று ஒரு பிரிட்டிஷ் அமைப்பு, அதன் தலைவர் ரெசிடென்ட், தலைமையிடம் இன்றைய ஈரானில் இருக்கும் புஷெஹ்ர் துறைமுகம், 1946-ல்தான் அது பஹ்ரைனுக்கு வந்தது. 1873 வரை பம்பாய் அரசாங்கத்துக்குக் கீழே, அப்புறம் 1947 வரை இந்திய அரசாங்கத்துக்குக் கீழே. அதனால் அங்கே அன்றாடத்தில் தெரிந்தது லண்டன் இல்லை, இந்தியாதான். புழங்கிய பணம் ரூபாய், ஒட்டிய தபால்தலை இந்தியத் தபால்தலை. ஷேக்குகள் 1820-லும் 1853-லும் கையெழுத்துப் போட்டது கடல் அமைதிக்காக. 1892-ல் போட்டது வேறு மாதிரி, பிரிட்டனைத் தவிர வேறு எந்த நாட்டோடும் உறவு வைக்கமாட்டோம், நிலம் தரமாட்டோம் என்று. குவைத்தின் ஷேக் முபாரக் 1899-ல் இதே போன்ற ஒன்றில் ரகசியமாகக் கையெழுத்திட்டார், அவருக்குக் கொடுக்கப்பட்டது 15,000 ரூபாய். இவை எதுவுமே காலனி இல்லை என்பதுதான் அதிகாரபூர்வ நிலை. காலனி இல்லாத இடத்தில் கவர்னர் இருக்க முடியாது, ஆகவே ஏஜென்ட். பஹ்ரைனில் 1900-ல் ஒரு உதவி ஏஜென்ட் வந்தார், 1904-ல் கேப்டன் பிரிடோ முழு பொலிட்டிகல் ஏஜென்ட் ஆனார், அதே வருஷம் குவைத்துக்கு நாக்ஸ் போனார்.

அதற்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர்கள் உள்ளூர் வியாபாரிகள். பஹ்ரைனில் சஃபர் குடும்பத்தார் பல காலம் பார்த்தார்கள். ஷார்ஜாவில் 1940கள் வரைக்குமே அரபிகள்தான், ஈசா பின் அப்துல் லத்தீப் அல் சர்கால் போன்றவர்கள். கடற்கரை முழுக்க யார் யாரோடு சண்டை, எந்தப் படகு யாருடையது, எந்த ஷேக்குக்கு எந்தத் தம்பி மேல் சந்தேகம், எல்லாம் தெரிந்தவர்கள். பிரிட்டிஷ் கொடி அத்தனை வருஷம் அந்தக் கரையில் பறந்ததற்கு இவர்களுடைய சொந்தச் செல்வாக்கும் சொந்தப் பணமும் எவ்வளவு காரணம் என்பது இவர்கள் எழுதி அனுப்பிய கடிதங்களைப் படித்தால் தெரியும்.

சரி, ஏஜென்சி என்றால் எவ்வளவு பெரிய அலுவலகம்? சின்னதுதான். ஒரு ஏஜென்ட், அநேகமாக இந்திய ராணுவத்திலிருந்து அரசியல் துறைக்கு வந்த கேப்டனோ மேஜரோ. அவருக்குக் கீழே தலைமைக் குமாஸ்தா, டைப் அடிக்க ஒன்றிரண்டு பேர், அரபியும் பாரசீகமும் எழுதத் தெரிந்த முன்ஷி, மொழிபெயர்ப்பாளர், ஃபராஷ் என்று சொல்லப்படும் சேவகர்கள், கொஞ்சம் காவலர்கள். கூடவே ஒரு மருத்துவமனை, அதில் இந்தியாவிலிருந்து வந்த சப் அசிஸ்டென்ட் சர்ஜன். ஏஜென்ட் இரண்டு மூன்று வருஷத்தில் மாறிப் போய்விடுவார். குமாஸ்தாவும் முன்ஷியும் இருப்பார்கள். புதிதாக வந்தவருக்கு 'இதற்கு முன்னால் இப்படிச் செய்தோம்' என்று பழைய கோப்பை எடுத்துக் காட்டுவது இவர்கள் வேலை, அப்படிக் காட்டும்போதே முடிவில் பாதி ஆகிவிடுகிறது.

என் அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நடப்புக் கோப்பு, குறிப்புக் கோப்பு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்ததால் ஏஜென்சிக் கோப்பை முதலில் திறந்தபோது எனக்கு அது அந்நியமாகவே இல்லை. முன்னால் வந்த கடிதம், போன கடிதம். பின்னால் குறிப்புத் தாள்கள். குமாஸ்தா கீழிருந்து எழுதுகிறார்: இன்ன கடிதம் வந்திருக்கிறது, இதற்கு முன் இன்ன கோப்பில் இப்படி முடிவானது, வரைவு ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது. கீழே ஏஜென்ட்டின் இரண்டெழுத்து இனிஷியல். பல நேரம் அவ்வளவுதான் அவர் எழுதுவது. ஆராய்ச்சியாளர்கள் முன்பக்கத்துக் கடிதங்களைத்தான் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள், ஏஜென்ட்டின் கையெழுத்து அங்கேதான் பெரிதாக இருக்கிறது. கோப்பு எப்படி முடிவை நோக்கி நகர்ந்தது என்பது பின்பக்கத்தில் இருக்கிறது.

எனக்கு இந்த வேலையிலேயே மறக்க முடியாதவை விடுதலைச் சான்றிதழ் கோப்புகள். அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி வந்து ஏஜென்சியில் முறையிட்டால் வாக்குமூலம் எழுதிக்கொண்டு, விசாரித்து, சான்றிதழ் கொடுப்பார்கள். ஏஜென்சிக் கொடிக்கம்பத்தைத் தொட்டுவிட்டால் போதும், விடுதலை என்று வளைகுடா முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன இந்த வாக்குமூலங்கள். வடிவம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பெயர், தகப்பன் பெயர், வயது சுமாராக இத்தனை, பிறந்த ஊர், எப்படிப் பிடித்தார்கள், யார் யாரிடம் விற்றார்கள், இப்போதைய எஜமானர் எப்படி நடத்தினார். கீழே பெருவிரல் ரேகை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், 1920களிலும் 1930களிலும் பலூசிஸ்தானின் மக்ரான் பகுதியிலிருந்து கடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 'விளையாடிக்கொண்டிருந்தபோது' என்பதுபோல ஒரு வரி, அடுத்த வரியிலேயே படகு, அதற்கடுத்த வரியில் விலை. ஒரு மனிதருடைய முப்பது வருஷம் அரைப் பக்கத்தில் டைப் அடித்து முடிந்துவிடுகிறது. அந்த ரேகையை ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தால் மை விரலோரத்தில் கசிந்திருப்பதுகூடத் தெரியும். அதைச் சட்டென்று கடந்து அடுத்த பக்கத்துக்குப் போக என்னால் ஒரு நாளும் முடிந்ததில்லை.

இந்தக் கோப்புகளைக் காட்டி ஏஜென்சியை மெச்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதம் கையில் கிடைத்தவருக்கு அது வாழ்க்கை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே அலுவலகம் முத்துக்குளிப்புப் படகுகளில் கடனில் சிக்கிக் கிடந்தவர்கள் விஷயத்தில் வெகுகாலம் கை வைக்கத் தயங்கியது. தகப்பன் பட்ட கடன் மகன் தலையில் விழும், மகனும் அதே நாகுதாவின், அதாவது படகுத் தலைவரின், படகில் மூச்சடக்கி இறங்க வேண்டும். கரையோரப் பொருளாதாரமே முத்தை நம்பி இருந்ததால் அது 'உள்ளூர் வழக்கம்'. பஹ்ரைனில் 1920களின் நடுவில்தான் ஒவ்வொரு முக்குளிப்பவருக்கும் கணக்குப் புத்தகம் என்ற சீர்திருத்தம் வந்தது. கதவைத் தட்டி வந்தவருக்கு நீதி, கடலில் இருந்தவருக்கு வழக்கம். இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்த கோப்புகளாக இருக்கின்றன.

1923 கோப்புகளும் அப்படித்தான். பஹ்ரைனை 1869 முதல் ஆண்டவர் ஷேக் ஈசா பின் அலி. அவருடைய ஆட்சியில் பஹாரினா எனப்படும் ஷியா விவசாயிகள் மேல் வரியும் கட்டாய வேலையும் அத்துமீறலும் கடுமையாக இருந்தன. அவர்கள் ஏஜென்சிக்கே வந்து முறையிட்டார்கள், மனு கொடுத்தார்கள். 1921-ல் ஏஜென்ட்டாக வந்த மேஜர் டேலி அந்த மனுக்களைக் கையில் எடுத்தார். 1923 மே மாதம் மனாமாவில் நஜ்திகளுக்கும் (நடு அரேபியாவின் நஜ்த் பகுதியிலிருந்து வந்தவர்கள்) பாரசீகர்களுக்கும் கலவரம் மூண்டது. பொறுப்பு ரெசிடென்ட்டாக இருந்த நாக்ஸ் வந்து, மே 26 அன்று சபையைக் கூட்டி, ஷேக் ஈசா ஒதுங்குகிறார், மகன் ஹமத் நிர்வாகத்தை ஏற்கிறார் என்று அறிவித்தார். 54 வருஷம் ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. 1932-ல் அவர் இறக்கும்வரை ஹமத் பிரதிநிதி என்ற நிலையில்தான் ஆண்டார்.

இந்தக் கோப்புக்குச் சுருக்கம் எழுத எனக்கு வெகுநாள் பிடித்தது. பஹாரினாக்களின் குறை உண்மை. அவர்களுக்குப் போக வேறு வாசல் இருக்கவில்லை. அந்த உண்மையான குறையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியாட்கள் ஒரு நாட்டின் அரசரை மாற்றினார்கள், அதுவும் உண்மை. அலுவலக மொழி இதை எவ்வளவு சாதுவாக்கிவிடுகிறது என்பதுதான் படிக்கப் படிக்கப் பயத்தைக் கொடுத்தது. 'அறிவுரை வழங்கப்பட்டது', 'விரும்பத்தக்கது எனக் கருதப்படுகிறது', 'ஷேக் சம்மதிப்பார் என எதிர்பார்க்கப்படுகிறது' என்ற பாணியிலேயே எல்லாம் நகர்கிறது. யார் அறிவுரை சொன்னார், யார் கருதினார் என்று கேட்டால் வாக்கியத்தில் ஆளே இல்லை. அதை அப்படியே சுருக்கத்தில் எழுதினால் நானும் அதே அலுவலகத்துக்குக் குமாஸ்தா ஆகிவிடுவேன். அதனால் எழுவாயைத் தேடித் தேடி எழுதினேன்: நாக்ஸ் சொன்னார், டேலி எழுதினார், ஷேக் ஈசா மறுத்தார்.

ஏஜென்ட்டின் இன்னொரு வேலை நீதிபதி வேலை. 1913-ல் பஹ்ரைனுக்கென்று போட்ட ஆணை 1919-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிரிட்டிஷ் குடிமக்கள் எல்லோரும், அதாவது அங்கிருந்த இந்திய வியாபாரிகளும் தொழிலாளிகளும், ஷேக்கின் அதிகாரத்துக்கு வெளியே, ஏஜென்ட்டின் கோர்ட்டுக்கு உள்ளே. இந்தியச் சட்டங்களே அங்கும். வழக்கு, பாஸ்போர்ட், யார் வரலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் ஏஜென்சி வழியாக. 1920களின் கடைசியில், வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டிவரும் நாகுதாதான் அவனைத் திருப்பி அனுப்பவும் பொறுப்பு என்ற ஏற்பாடு வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளியை அவருடைய முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் கஃபாலா முறையின் வேர் இங்கே இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். கோப்புகளைப் படித்த அளவில் எனக்கும் அது சரியாகவே படுகிறது. 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு என்ஓசி கிடைக்காமல் வேலை மாற முடியாமல் கிடந்த ஒருவராவது எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவர்களை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பாஸ்போர்ட் கோப்புகளை நான் படித்தேன்.

வேலையிடத்தில் ஒரு விஷயத்துக்காக நிறையப் பேசியிருக்கிறேன். எங்கள் கேட்டலாக் விதிப்படி ஒரு கோப்பின் 'முக்கிய நபர்கள்' என்ற இடத்தில் கடிதம் எழுதியவரும் பெற்றவரும் வருவார்கள். அப்படியென்றால் விடுதலை கேட்டு வந்தவருடைய கோப்பில் ஏஜென்ட் பெயரும் ரெசிடென்ட் பெயரும் வரும், ரேகை வைத்தவர் பெயர் வராது. தேடுபெட்டியில் அந்தப் பெயரைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. நாளைக்கு மக்ரானிலிருந்தோ ஸான்ஸிபாரிலிருந்தோ ஒருவர் தன் பாட்டனைத் தேடினால்? நேரம் இல்லை, ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு முடிக்க வேண்டும், எழுத்துக்கூட்டல் கோப்புக்குக் கோப்பு மாறுகிறது என்று பதில் வந்தது. எல்லாம் நியாயமான பதில்கள்தான். கடைசியில், வாக்குமூலம் உள்ள கோப்புகளில் மட்டும், எழுதியிருக்கிற எழுத்துக்கூட்டல்படியே விண்ணப்பதாரர் பெயரையும் பிறந்த ஊரையும் சேர்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். முன்ஷி, குமாஸ்தா பெயர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை, பின்பக்கத்துத் தாள்களில் பாதிக்குமேல் வெறும் இனிஷியல் என்பதால். அவற்றையும் எந்தக் கோப்பில் எந்த இனிஷியல் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை வருகிறது என்று வேலை நேரம் முடிந்த பிறகு ஒரு எக்ஸெல் தாளில் குறித்துக்கொண்டு வருகிறேன். சம்பளப் பட்டியல் உள்ள கோப்புகளோடு ஒப்பிட்டால் சில இனிஷியல்களுக்கு முழுப் பெயர் கிடைக்கிறது. பஹ்ரைன் முடிந்தால் அடுத்து குவைத் கோப்புகளை எடுக்க வேண்டும்.