ஸ்கொயர் பைப் எடையும் என் ஃப்ரீகேட் மாடலும்: 18 கிலோ எங்கே போனது?

மொட்டை மாடிக் கூரைக்கான பைப் வந்து இறங்கிவிட்டது. சதுர இரும்புப் பைப், 49.5 × 49.5 × 2.9 (பக்கம், பக்கம், சுவர்த் தடிமன், எல்லாம் மி.மீ.), 6 மீட்டர் நீளத்தில் 14 பைப், மொத்தம் 84 மீட்டர். ஃப்ரீகேட் என்கிற கணினி வரைபட மென்பொருளில் நான் போட்ட மாடல் சொன்ன எடை 356 கிலோ, கடைத் தராசு சொன்னது 338. எடை கூடியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், குறைந்ததால் வேறு பயம். தடிமன் குறைந்த பைப்பைத் தள்ளிவிட்டார்களோ என்று கேட்டேன். "ரெண்டு ஒன்பதுதான் சார் போட்டிருக்கு, வேணும்னா அளந்து பாருங்க" என்றார் கடைக்காரர். அவசரத்தில் அளக்காமலே வந்துவிட்டேன், அது என் தப்பு.

முதலில் யூனிட் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீகேட்டில் வால்யூம் கன மில்லிமீட்டரில், யூனிட் ஒட்டாத வெறும் எண்ணாக வரும். அதை நேராக இரும்பின் அடர்த்தி 7850 (கன மீட்டருக்குக் கிலோ) ஆல் பெருக்கி, ஒரே பைப்புக்கு 2,500 கோடி கிலோ எடை கண்டுபிடித்த பெருமை எனக்கு உண்டு. 0.00000785 ஆல் பெருக்க வேண்டும். சரி, அது அரை மணி நேரத்தில் முடிந்த கதை.

உண்மையான வில்லன் மூலை வளைவு. நான் வரைந்தது ஒரு சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம், நாலு மூலையும் கத்தி மாதிரி. அப்படி வரைந்தால் மீட்டருக்கு 4.24 கிலோ வருகிறது. இந்த வகைப் பைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4923 அட்டவணையில் இதே பைப்புக்கு 4.07. எங்கே போகிறது அந்த 0.17 என்று பார்த்தால், நிஜப் பைப்பின் மூலை உருண்டிருக்கிறது, அவ்வளவுதான். உடனே வெளிமூலைக்கு 5.8 மி.மீ. ஆரத்தில் ஃபில்லெட் (கூர் மூலையை உருட்டும் வளைவு) போட்டேன். 4.02 வந்தது, 84 மீட்டருக்கு 337 கிலோ சொச்சம். கடைச் சீட்டு 338! அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் குறுக்குவெட்டை ஜூம் பண்ணிப் பார்த்தால் உள்மூலை இன்னும் கூராகவே நிற்கிறது. மூலையில் மட்டும் சுவர் மெலிந்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அப்படி ஒரு பைப்பை எந்த மில்லிலும் உருட்ட மாட்டார்கள். அதாவது கணக்குத் தப்பு, விடை மட்டும் தற்செயலாக ஒத்துப்போய்விட்டது. வெளி வளைவின் ஆரம் தடிமனைப் போல 2 மடங்கு (5.8), உள் வளைவின் ஆரம் தடிமன் அளவே (2.9) என்று வைத்தால் பரப்பு 518.9 சதுர மி.மீ., மீட்டருக்கு 4.07 கிலோ, அட்டவணையோடு அச்சாக ஒத்து வருகிறது. கணினி இல்லாமலும் போடலாம்: 4 × (பக்கம் − தடிமன்) × தடிமன் என்று போட்டுவிட்டு, அதில் 0.8584 × (வெளி ஆரத்தின் வர்க்கம் − உள் ஆரத்தின் வர்க்கம்) கழித்து, 0.00785 ஆல் பெருக்கினால் மீட்டர் எடை. கூரான மூலையோடு கணக்குப் போட்டால் இந்த அளவுப் பைப்பில் 4 சதவீதம் ஏறிவிடும்.

ஆனால் 4.07 என்றால் 84 மீட்டருக்கு 342. மறுபடி 4 கிலோ குறைகிறது. இந்த முறைதான் வெர்னியரை எடுத்தேன். வெட்டு முனையில் பிசிர் இருக்கும், உள்ளே வெல்டிங் தையல் வேறு துருத்திக்கொண்டிருக்கும், இரண்டையும் தவிர்த்துவிட்டு மூன்று பக்கம் அளந்ததில் 2.86. அதைப் போட்டால் 4.023, மொத்தம் 338. கடைக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன், நேரில் இன்னும் கேட்கவில்லை. 2.9 என்று சொல்லி 2.86 தருவது ஏமாற்று இல்லை, உருட்டும்போது அந்த அளவு கூடும் குறையும். (லோடு ஆட்டோவோடு வே பிரிட்ஜில் ஏற்றிச் சரிபார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது 5 கிலோ, 10 கிலோ படியில் காட்டுகிற மேடை, நமக்கு வேண்டியதோ 4 கிலோ. பிளாட்ஃபாரம் தராசுதான் சரி.)

இதுவரை சொன்னது வாங்கிய எடை. தூணில் ஏறும் எடைக்கு இன்னொரு தொல்லை, ஜாயின்ட். என் மாடலில் எல்லா உறுப்பும் மையக்கோட்டிலிருந்து மையக்கோடு வரை ஓடுகின்றன, அதனால் சந்திக்கும் இடத்தில் ஒரே இரும்பு இரண்டு தடவை எண்ணப்படுகிறது. ஒவ்வொன்றாக பூலியன் கட் (ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றை வெட்டிக் கழிப்பது) போட்டுப் பார்த்தேன், லேப்டாப் விசிறி கத்த ஆரம்பித்தது. விட்டுவிட்டு ஸ்ப்ரெட்ஷீட்டில் நீளத்தைக் கழித்துக்கொண்டேன்: நேராக முட்டும் முனைக்கு 24.75 மி.மீ., 45 டிகிரியில் சாய்ந்து முட்டும் முனைக்கு 35 மி.மீ. சாய்வாக வெட்டினாலும் பரப்பை மையக்கோட்டு நீளத்தால் பெருக்கினால் வால்யூம் சரியாகவே வரும், அதனால் கட் தேவையே இல்லை. 40 நேர் முனை, 16 சாய்வு முனை. மொத்தம் ஒன்றரை மீட்டர், 6 கிலோ சொச்சம் போலி எடை குறைந்தது.

அடுத்து தண்ணீர்த் தொட்டிக்கு ஐ.எஸ்.எம்.பி. 200 பீம் (200 மி.மீ. உயர I வடிவ இரும்பு உத்தரம்) இரண்டு வைக்கலாம் என்று யோசனை. அதற்குள் இன்னொரு பூதம்: பழைய அட்டவணையில் அதன் எடை மீட்டருக்கு 25.4, பீம் அளவுகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 808 இன் 1989 திருத்தத்தில் 24.2, ஃபிளாஞ்ச் (மேல், கீழ்ப் பட்டை) தடிமன் 10.8 இலிருந்து 10 ஆகிவிட்டது. மென்பொருளின் லைப்ரரியில் எது உட்கார்ந்திருக்கிறது என்று திறந்து பார்க்காமல் எடை எடுக்காதீர்கள்.

அதெல்லாம் அப்புறம். தூணுக்கு அடியில் வைக்கும் பேஸ் பிளேட்டே இன்னும் வெட்டவில்லை. 150 × 150 × 8, ஒன்று 1.41 கிலோ, ஆறு தூணுக்கும் சேர்த்து எட்டரை கிலோ. மூலை கூராகவே இருக்கும், வளைவுத் தொல்லை கிடையாது.