ஹெட்டவா, அனித்தாவா?

பட்டியலில் 22 பெயர்கள். மகன் மேலிருந்து கீழே இரண்டு முறை வாசித்துவிட்டு, கீழிருந்து மேலாகவும் ஒருமுறை வாசித்துப் பார்த்தானாம். பாடசாலையின் 13 வயதுக்குட்பட்ட கடினப்பந்து கிரிக்கெட் குழாம் அது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தான். "என்ட பேர் இல்லை அம்மா" என்றான். அன்று இரவு புட்டும் அப்படியே கிடந்தது.

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் அவன் உடைத்த மின்குமிழ்களின் கணக்கும், வெள்ளை உடுப்பை எந்த நாளில் தோய்க்க வேண்டும் என்பதும்தான் தெரியும். தெரிவுக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள், எல்லோருக்கும் இடம் இல்லை என்பது விளங்கியது. ஏன் இவனுக்கு இல்லை என்பதை ஒருவரும் சொல்லாததுதான் விளங்கவில்லை.

நான் முதலில் செய்தது பிழையான காரியம். கணவருக்குத் தெரிந்த ஒருவர் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறார். அவருக்கு எடுத்தேன். "பார்ப்பம் அக்கா, ஒரு சொல்லுச் சொல்லிவிடுறன்" என்றார். போனை வைத்த பிறகு நித்திரை வரவில்லை. இவன் பெயர் உள்ளே போனால் இன்னொரு பிள்ளையின் பெயர் வெளியே வரும், அதையும் ஒரு தாய் பார்த்துக்கொண்டிருப்பாள். விடிந்ததும் திரும்ப எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் இருக்கிறார், எங்கள் எல்லோருக்கும் அங்கிள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், அரசாங்கப் பாடசாலைக்கும் பொருந்தும், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார். முத்தையா முரளிதரனையும் விடவில்லை. 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்ற அதே முரளி, கண்டியில் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்தில் முதலில் வேகப்பந்துதான் போட்டார், பயிற்றுவிப்பாளர் சொல்லித்தான் சுழலுக்கு மாறினார் என்றார். "அங்கிள், நான் விக்கெட் கீப்பர்" என்றான் மகன். நான்கு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். 'ஏன் சேர்க்கவில்லை' என்று தொடங்கிய முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் இரண்டே கேள்விகள்: எதை வைத்துத் தெரிவு செய்தீர்கள், அடுத்த முறைக்கு இவன் எதைத் திருத்த வேண்டும். மற்றப் பிள்ளைகளின் பெயர் எதையும் எழுதவில்லை. வகுப்பாசிரியர் மூலம் மாஸ்டர் இன் சார்ஜுக்கு, அதாவது கிரிக்கெட்டுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு, போனது. மூன்றாம் நாள் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் அவர். வியர்வையில் ஊறிய ஒரு சீஆர் கொப்பியைத் திறந்து காட்டினார். தெரிவன்று பிள்ளைகளின் முதுகில் குத்தியிருந்த இலக்கங்கள் வரிசையாக இருந்தன. மகன் 31. முதல் நாள்: துடுப்பாட்டம் 6, களத்தடுப்பு 7, விக்கெட் காப்பு 8. இரண்டாம் நாள் நிரலில் புள்ளி இல்லை, சிங்களத்தில் இரண்டு சொற்கள் மட்டும். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். 'ஆவே நே.' வரவில்லை.

மகனைப் பார்த்தேன். "வந்தனான் சேர்" என்றான் மெல்ல. வியாழக்கிழமை வந்திருக்கிறான். மைதானத்தில் ஒருவரும் இல்லை, மழைக்காகத் தெரிவை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டான். அதற்கு முதல் நாள் புதன்கிழமை, பயிற்சி முடிந்ததும் கோச் 'அனித்தா' என்று சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் 'ஹெட்ட' என்றால் நாளைக்கு, அனித்தா என்றால் நாளையிண்டைக்கு. கொழும்பிலேயே வளர்ந்த எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் தமிழ், வகுப்பில் தமிழ், டியூஷனிலும் தமிழ் என்று இருக்கும் இவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை உண்மையான தெரிவு நடந்தபோது இவன் கணித டியூஷனில் பின்னம் சுருக்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தை இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தேன். அதே இரண்டு சொற்கள் இன்னும் மூன்று இலக்கங்களுக்கு நேரே இருந்தன. "அவங்களும் எங்கட வகுப்புத்தான்" என்றான் மகன். அப்போதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே 13ஆவது திருத்தம் எழுதி வைத்துவிட்டது, மைதானத்து மூலைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் விஞ்ஞான சேரும் அதே நேரத்தில்தான் அந்த நாலு வரிகளையும் பார்த்தார். கொப்பியை மூடிவிட்டு, "இது எங்கள் பிழை" என்று சிங்களத்தில் சொன்னார். சாக்குப் போக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நானும் சேர்த்து வைத்திருந்ததில் பாதியை விழுங்கிவிட்டு, நாலு பேரையும் மறுபடி பாருங்கள் என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை காலை பார்த்தார்கள். இரண்டு பேர் குழாமுக்குள் போனார்கள். என் மகன் போகவில்லை.

ஆனால் இம்முறை கோச் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, குந்தியிருந்து காட்டினார். பந்து நிலத்தில் படுவதற்கு முன்னரே இவன் எழும்பிவிடுகிறானாம். சுழற்பந்து தாழ்ந்து வந்தால் கையுறை மேலே நிற்கும், பந்து கீழால் போய்விடும். தெரிவான கீப்பர் இவனை விட ஒரு தலை உயரம், மீசை அரும்பத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு வயதில் பத்து மாதம் என்பது பெரிய இடைவெளி. அதையும் கோச் மறைக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் குழாமோடு வந்து பயிற்சி எடு என்றார்.

இப்போது பின்னேரங்களில் தரிப்பிடத்துச் சுவரில் தங்கச்சி பந்தை எறிகிறாள். பந்து குத்துவதற்கு முன் அண்ணன் எழும்பினால் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுகிறாள். முதல் நாள் 19 வந்தது. நேற்று 7.

அறிவித்தல் பலகையில் பயிற்சி நாட்கள் திகதி போட்டுத் தமிழிலும் ஒட்டப்படுகின்றன. போன புதன்கிழமை கோச் பழக்க தோசத்தில் "அனித்தா" என்று வாய் திறந்திருக்கிறார். வரிசையின் பின்னால் நாலு கைகள் ஒன்றாக மேலே எழுந்தனவாம்.

"சிகுராதா, சிகுராதா" என்றாராம் கோச் சிரித்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை.