சாந்தி வீட்டில் சாக்குருவி

எங்கள் செட்டிநாட்டுக் குடும்பத்தில் படித்த பிள்ளைகளுக்கு மூன்று வழிதான்: ஆடிட்டர், பேங்க், சிங்கப்பூர். நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. இதை வெளியில் சொல்லும்போது அப்பச்சியின் (அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) குரல் தானாக இறங்கிவிடும்.

"முடிச்சிட்டு?" என்று யாராவது கேட்டால் நான் தெளிவாகச் சொல்வேன். மன்னம்பந்தலிலோ ஊட்டியிலோ வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்ஸி., அதிர்ஷ்டம் இருந்தால் டேராடூன், அப்புறம் ஐ.எஃப்.எஸ். தேர்வு. ஐ.எஃப்.எஸ். என்றதும் முகம் மலரும். ஏதோ ஒரு தூதரகத்தில் நான் பட்டுப்புடவையோடு நிற்கப்போவதாக நினைத்துக்கொள்வார்கள். "அது இல்ல பெரியாத்தா, இது காட்டு இலாகா" என்றதும் அதே முகம் வாடிப்போகும்.

அந்த வேலைக்கு நடைத் தேர்வு ஒன்று உண்டு. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெரிய கண்டம்போல இதை ஆயாவிடம் சொன்னேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி வரை காவடிக்குப் பின்னாலேயே நடந்து போய்வந்த மனுஷி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "பதினாலா? அதுக்கா சர்க்காரு சம்பளம் குடுக்குது?" என்றார்.

போன வருஷம் பெரியப்பச்சிக்கு அறுபது. ஊர் வீட்டில் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். அந்த வீடு இப்படி ஏதாவது விசேஷம் வந்தால்தான் திறக்கும்; மற்ற நாளெல்லாம் பூட்டு. பங்காளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு நாடு. மாடியில் இரண்டாம் கட்டுக்கு மேலே உள்ள சாமான் அறையில்தான் அண்டா, குண்டான், பித்தளைத் தாம்பாளம் எல்லாம் கிடக்கிறது. அதன் சாவி சென்னையிலிருந்து வருவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் ராத்திரியே அறைக்குள்ளிருந்து சத்தம். புஸ்ஸ்ஸ். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி புஸ்ஸ்ஸ். விடிய விடிய.

"நல்ல பாம்பு. சாமானைக் காக்குது" என்றார் பெரியாத்தா. புதையல் ஏதும் இருக்குமோ என்று இரண்டு பங்காளிகளுக்குத் திடீர் அக்கறை வந்தது. மறுநாள் பாம்பு பிடிக்கிறவர் வந்தார். கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு இருக்கு ஆச்சி. ஜோடி" என்றார். அதற்கேற்ப ரேட்டும் ஜோடிக்குத்தான் சொன்னார்.

பாம்பு அப்படி ராத்திரி முழுக்க டூட்டி பார்க்காது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சாவி வந்தது. கதவைத் திறந்தால், அண்டாவுக்குப் பின்னால் வரிசையாக நாலு குஞ்சுகள். இதய வடிவத்தில் வெள்ளை முகம், உடம்பெல்லாம் பஞ்சு. மூத்ததுக்கு இறகு முளைத்துவிட்டது, கடைசி உள்ளங்கையில் அடங்கும். முதல் முட்டை இட்டதுமே தாய் அடைகாக்க உட்கார்ந்துவிடும், அதனால்தான் கொலுப்படிபோல இந்த உயர வித்தியாசம். நாலும் எங்களைப் பார்த்து உடம்பை ஆட்டிக்கொண்டே புஸ்ஸென்றன. உடைந்துபோன மேல் ஜன்னல்தான் அம்மாக்காரிக்கு வாசல்.

நல்ல பாம்பைக் கையால் பிடிக்கிற மனுஷன் இரண்டடி பின்னால் போனார். "ஆத்தாடி, சாக்குருவி! பாம்புன்னா கூப்பிடுங்க ஆச்சி, இது வேற கேஸு." இறங்கிப் போய்விட்டார். பாதி ரேட்டை வாங்கிக்கொண்டுதான்.

ஆயுள் விருத்திக்குச் சாந்தி நடக்கிற வீட்டில் சாக்குருவி, கத்தினால் சாவு வரும் என்று ஊரே பயப்படுகிற கூகை ஆந்தை! பெரியாத்தா கலங்கிப்போனார். கூட்டைக் கலைத்துத் தோப்பில் விடச் சொல்லி வேலையாளைக் கூப்பிட்டார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று தொடங்கினேன், எடுபடவில்லை. பேச்சை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குத் திருப்பினேன். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள், கண்மாய்க்கு வரும் நாரைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அது 1977-இல் இருந்து சரணாலயம். "ஊரே வெடியை விடுது, நாம ஒரு ரூமை விடக்கூடாதா?" என்றேன். பெரியப்பச்சி யோசித்தார். யோசித்ததற்குக் காரணம் நாரை இல்லை, வாடகைப் பாத்திரச் செலவு.

காப்பாற்றியது ஈப்போ ஐயாதான். விசேஷத்துக்காக மலேசியாவிலிருந்து வந்திருந்தவர், தடியை ஊன்றி மாடியேறி எட்டிப் பார்த்தார். "அட, இதுக்கா இம்புட்டுக் கலவரம்? எங்க பக்கம் செம்பனைத் தோட்டத்துல மரப்பெட்டி செஞ்சு கம்பத்துல ஏத்தி, இது வந்து குடியிருக்காதான்னு காத்துக் கெடப்பாக. எலி பழத்தைத் தின்னுப்புடும்ல?"

மலேசியாவில் செய்தால் அது சரியாகத்தான் இருக்கும். கதவைச் சாத்தினோம். பாத்திரம் வாடகைக்கு வந்தது.

சாத்துவதற்கு முன் தரையில் கிடந்த கருப்பு உருண்டைகளில் நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டேன். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். முகப்பில் பேப்பரை விரித்து ஒன்றை ஈர்க்குச்சியால் பிரித்தேன். முடிச்சுருளுக்குள் விரல்நுனி அளவு மண்டையோடு, ஆரஞ்சு நிறத்தில் வளைந்த முன்பற்கள். பக்கத்தில் இன்னொரு தாடை. புலி பார்க்கத்தான் காட்டு வேலைக்குப் போகிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வேண்டியது இதுதான்: ஆள் இல்லாத எங்கள் ஊர் வீடுகளில் யார் யார் குடியிருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு. எங்கள் குடும்பத்துக்குக் கணக்கு புதிதில்லையே.

மீதி உருண்டைகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டுச் சமையற்கட்டு அலமாரியில் வைத்திருந்தேன். அம்மான் அதைத் திறந்து, "என்னடி இது, கருப்பட்டிச் சீயம் தீஞ்சுபோச்சா?" என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். அதற்குமேல் அன்றைக்கு அவர் எதையும் சாப்பிடவில்லை.

சாந்தி நல்லபடியாக முடிந்தது. பந்தியில் பெரியப்பச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரைஸ்மில்லில் எலித் தொல்லை தாங்கவில்லை, இதில் ஒரு ஜோடியைக் கொண்டுபோகலாமா என்றார். பிடித்துப் போகக்கூடாது, பெட்டி வைத்தால் தானாக வரும் என்றேன். "பெட்டிக்கு எவ்வளவு ஆகும்?" என்று பேரம் தொடங்கியது.

அந்தப் பக்கம் பெரியாத்தா ஒரு கானாடுகாத்தான் ஆச்சியிடம், "டேராடூன்ல போயி ஆந்தைக்குப் படிக்கப்போறா" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆச்சி சாம்பார் சாதத்தை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, எங்க வீட்டு மேமாடியில மரநாய் கெடக்கு. எப்ப வர்றே?"