கிலுகிலுப்பைச் செடியில் ஒரு புலி அந்து

மேற்குக் கென்யாவில் காகமேகா அருகே மண்வள ஆய்வுத் திடல் ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், பசுந்தாள் உரத்துக்காக விதைத்திருந்த குரோட்டலேரியா வரிசைகளைத் தினமும் பார்வையிட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. நம் ஊர்ச் சணப்பைக்கும் கிலுகிலுப்பைக்கும் நெருங்கிய உறவான அந்தச் செடியின் இளந்தழையை அங்குள்ளவர்கள் மிட்டோ என்று சொல்லிக் கீரையாகச் சமைப்பார்கள். ஆகவே என் வரிசைகளில் மாலைதோறும் சில கொழுந்துகள் காணாமற்போகும். அதை மட்டும் நான் பதிவேட்டில் ஏற்றியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் இலைகள் நரம்பு மட்டும் எஞ்சும்படி அரிக்கப்பட்டிருந்தன. மயிருடைய புழுக்களைக் கண்டதும், சணப்பையின் பூச்சி என்று கல்லூரியில் படித்திருந்த ஆர்ஜினா அஸ்ட்ரியாவின் பெயரைத் தயங்காமல் எழுதி, மருந்தடிக்கவும் பரிந்துரைத்துவிட்டேன். அந்த இனம் ஆப்பிரிக்காவிலும் இருப்பதால் யாரும் ஐயுறவில்லை. களையெடுக்க வந்த மூதாட்டி மட்டும், தம் வீட்டுக் கோழிகள் இந்தப் புழுவைத் தொடுவதில்லை என்றும், மருந்துக்கு முன் இது என்னவாகிறது என்று பார்க்கலாமே என்றும் சொன்னார். அவரை நாங்கள் எல்லோரும் மாமா என்றே அழைப்போம். சுவாகிலியில் அது தாயைக் குறிக்கும் சொல் என்றாலும், என் நாக்குக்கு அது பழகச் சில வாரங்கள் பிடித்தன.

ஆறு புழுக்களைப் பழைய ஜாம் புட்டியில் இட்டு, வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, நாள்தோறும் புதுத்தழை போட்டு வந்தேன். கூட்டுப்புழுவாகிச் சில நாள் கழித்து ஒரு காலையில் வெளிவந்த அந்துப்பூச்சியின் ஆரஞ்சு இறகுகளில், ஆர்ஜினாவுக்குரிய கரும்புள்ளிகள் இல்லை. குறுக்கே கருநீலப் பட்டைகள்தாம் ஓடின. படக்கையேட்டுடன் ஒப்பிட்டபோது அது ஆம்பிகாலியா பெல்லாட்ரிக்ஸ் என்னும் புலி அந்து என்று தெரிந்தது. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் டால்மான் 1823-இல் விவரித்த இனம். பெல்லாட்ரிக்ஸ் என்றால் இலத்தீனில் போர்மகள். கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளில் வாழ்ந்தாலும், அந்துப்பூச்சி ஆர்வலர்களுக்கு வெளியே அதை அறிந்தவர்கள் குறைவு.

கோழிகள் ஒதுங்கியதற்கான காரணம் செடியிலேயே இருந்தது. குரோட்டலேரியா இனங்களில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் நச்சுப்பொருள்கள் உண்டு. புழு அவற்றைத் தழையோடு தின்று உடலில் சேர்த்துக்கொள்ள, அவை இறகு முளைத்த பின்னும் நீங்குவதில்லை. இந்த இனத்தின் உடலில் அவை இருப்பதை பிரிட்டிஷ் பூச்சியியலாளர் மிரியம் ராத்சைல்டும் உடன் பணியாற்றியோரும் 1979-இல் பதிவுசெய்தனர். கீரையாகும் செடியிலா நஞ்சு என்று எனக்கும் தோன்றியது; ஆனால் இனத்துக்கு இனம், விதைக்கும் தழைக்கும், அதன் அளவு மாறுகிறது.

எப்படியும் மடக்கி உழப்போகும் பயிர்தானே என்று மருந்துப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றேன். பதிவேட்டில் பழைய பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட்டேன். துணியை அவிழ்த்ததும் அந்து அவசரமின்றிப் புட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. வேலியோரத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று தலையைச் சாய்த்து அதைப் பார்த்துவிட்டு, மறுபடி மண்ணைக் கிளறத் தொடங்கியது.