நாகூர் வாடாவும் காரைக்கால் ஒயினும்: நண்பர்களோடு மூன்று நாள்

நேற்று இரவுதான் அவர்களைக் கும்பகோணத்தில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். பெங்களூரிலிருந்து கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர், அதில் ஒருவனின் மனைவி, என்னோடு சேர்த்து நான்கு பேர். வழி, செலவு, எங்கே என்ன சாப்பிடலாம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்தக் கார் டிரைவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

கும்பகோணத்திலிருந்து தரங்கம்பாடி பார்த்துவிட்டுக் காரைக்காலில் இறக்கிவிட 3,000 ரூபாய் என்று பேசியிருந்தோம். முந்தின நாள் இரவும் போன் போட்டு உறுதி செய்துகொண்டேன். இறங்கும்போது 4,200 கேட்டார். தரங்கம்பாடியில் இரண்டு மணிநேரம் நின்றதற்கு வெயிட்டிங், திரும்பக் காலியாகப் போவதற்குத் தனியாக ஒரு தொகை. "சார், எல்லாரும் தர்றதுதான்" என்றார். விருந்தாளிகளை வெயிலில் நிற்கவைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? 3,500 கொடுத்து முடித்தேன். 500 ரூபாய் போனதைவிட ஊர்க்காரனான எனக்கு அவர்கள் முன்னால் வந்த சங்கடம்தான் பெரிது. வெயிட்டிங், பேட்டா, ரிட்டர்ன் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் நாள் விடியற்காலையில் அவர்களைத் தஞ்சாவூரிலேயே இறங்கச் சொல்லிவிட்டேன். பெரிய கோயிலைக் காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு, டவுன் பஸ்ஸில் திருவையாறு. அங்கே போவதே அசோகாவுக்காகத்தான். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறுவது. சூடாக வாங்கி, கடை வாசலிலேயே நின்று சாப்பிட வேண்டும். பெட்டியில் கட்டி ஊருக்கு எடுத்துப்போய் ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு "அல்வா மாதிரிதானே இருக்கு" என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. வாழை இலைத் துண்டில் வைத்ததும் ஓரத்தில் நெய் பிரிந்து ஓடியது. நண்பனின் மனைவி அதை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணா, இன்னும் நூறு கிராம் சொல்லுங்க" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அன்றைக்கு மாலை தாராசுரம். அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, இன்னொரு பக்கத்தை மறைத்தால் காளை. மூன்று பேரும் மாறி மாறி மறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே நாளில் ஒன்பது கோயில் பார்க்கும் திட்டத்தோடு வந்தவர்கள், அதற்கப்புறம் அந்தப் பட்டியலை எடுக்கவே இல்லை. இரவு கும்பகோணத்தில் இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைத்துவிட்ட தேங்காய், சோம்பு வாசம். இதைக் குருமா என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மறுநாள் அந்தக் காரில் தரங்கம்பாடி போனோம். அங்கே 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையைவிட எனக்குப் பிடித்தது அந்தக் காற்றுதான். வெயிட்டிங் கணக்கு ஓடுவது தெரியாமல் கடற்கரையில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம்.

இனி காரைக்கால். இது காவிரிக் கழிமுகத்துக்குள்ளேயே இருந்தாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, அதனால் தமிழ்நாட்டில் கிடைக்காத ஒயின்கூட இங்கே கிடைக்கும், விலையும் குறைவு. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வாங்கினால் அங்கேயே அறை எடுத்துத் தங்கிக் குடித்து முடியுங்கள். எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள், வழக்கு வரும், வண்டியும் போகும். அதனால்தான் நான் வண்டியை அனுப்பிவிட்டு இரண்டு அறை எடுத்தேன். 3,600 ரூபாய்.

சாயங்காலம் நானும் ஒருத்தனும் பஸ் ஏறி நாகூர் போனோம், வாடா என்கிற இறால் பலகாரம் வாங்க. அரிசி மாவில் வட்டமாகத் தட்டி, மேலே இறாலை அழுத்தி, எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். உள்ளே வைத்துச் சாப்பிட வெங்காயமும் தேங்காயும் வதக்கித் தனியாகத் தருவார்கள். கடைக்கார பாய் ஒவ்வொன்றையும் கம்பியால் திருப்பி, இறால் சிவந்தால்தான் எடுத்தார். "அவசரப்படாதீங்க தம்பி, வெந்தாத்தான் ருசி" என்றார். முப்பது வாங்கினோம். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தின் வாசனைக்குப் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவரே திரும்பிப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார்.

காரைக்காலில் இறங்கியபிறகு பாட்டில் வாங்கினோம். சிவப்பு ஒயின்தான் வேண்டும் என்று என்னோடு வந்தவன் அடம். காரத்தோடு சிவப்பு ஒயின் குடித்தால் அதன் துவர்ப்பு காரத்தை இன்னும் தூக்கிவிடும், கொஞ்சம் தித்திப்பான வெள்ளை ஒயின்தான் இதற்குச் சரி என்று நான் விடவில்லை. நாசிக் பக்கத்து வெள்ளை ஒயின் ஒன்று, 850 ரூபாய். அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, குளியலறை வாளியில் கொட்டி, பாட்டிலை அரைமணிநேரம் அமுக்கிவைத்தோம். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் வெளியே வியர்த்து வழிந்தது. ஒரு கடி வாடா, ஒரு மடக்கு ஒயின். சிவப்பு கேட்டவன் இரண்டாவது டம்ளரில் ஒப்புக்கொண்டான், "மச்சான், நீ சொன்னதுதான்டா சரி." நான் இதுவரை சாப்பிட்டதில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது, எத்தனை பெரிய ஓட்டலானாலும் சரி.

மூன்றாம் நாள் பஸ்ஸில்தான் திரும்பினோம், இனிமேல் கார் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சம்பா அறுவடை நேரம். ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள், முன்னால் ஒரு அறுவடை இயந்திரம் நகர்ந்துகொண்டிருந்தது, பஸ் அதன் பின்னாலேயே முக்கால் மணிநேரம். ஜன்னல் வழியாக வைக்கோல் வாசனை வந்துகொண்டே இருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ரயில் டிக்கெட் போக தலைக்கு 2,900 ஆனது. டிரைவர் மட்டும் பேசியபடி வாங்கியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கொழுந்து வெற்றிலை இரண்டு கவுளி வாங்கி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "அண்ணா, அடுத்த தடவை வாடாவுக்கு நானும் நாகூர் வருவேன்" என்று நண்பனின் மனைவி கத்தினார்.