நாலரை சென்ட்

03.08.2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலைல ஒத்தி வீட்டுக்காரர் ஆள் விட்டு தேங்கா வெட்டுனார். மூணு தெங்குலயும் சேத்து நாப்பத்தோரு காய். எண்ணி சாக்குல கட்டிட்டு, ரெண்ட வாசப்படில வச்சு "டீச்சருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனார். நல்ல மனுசன், குத்தம் சொல்லல. ஆனா அம்மை அந்த ரெண்டயும் தொடவே இல்ல, சாயங்காலம் வர படிலயே கெடந்துச்சு. போன மாசம் ராத்திரி காத்துல விழுந்த ஒரு காய எடுத்து தொவையல் அரச்சிட்டா, மறுநாள் அவரு பேத்தி வந்து "பாட்டி, எங்க தேங்கா ஒண்ணு விழுந்துச்சாமே"ன்னு கேட்டுச்சு. சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும். அன்னைல இருந்து அம்மை கடைத் தேங்காதான்.

06.08.2025

ரிசர்வ் பேங்க் வட்டிய தொடல. அதே 5.50. எறச்சகுளத்துல நாலரை சென்ட் வீடு வாங்க லோன் கேட்டிருக்கோம், ஜூன்ல அரை சதவீதம் குறைச்ச மாதிரி இந்தத் தடவையும் குறைப்பாவன்னு நம்பிட்டு இருந்தேன்.

07.08.2025

தம்பி பெங்களூர்ல இருந்து ஒரு மணி நேரம் பேசினான். "எக்கா, நீ கணக்கு டீச்சர், நீயே போட்டுப் பாரு"ன்னான். போட்டாச்சுடா, நூறு தடவ போட்டாச்சு. 24 லட்சம், 8 சதவீதம், 20 வருசம், மாசம் 20,075. முதல் மாசம் கட்டுறதுல 16,000 வட்டிக்கே போயிரும், அசல்ல கழியது வெறும் 4,075. மொத்தமா கட்டி முடிக்கும்போது 48 லட்சத்துக்கு மேல. இப்ப இருக்கது ஒத்தி வீடு, 6 லட்சம் குடுத்துருக்கோம், வாடகைன்னு ஒத்த ரூவா கிடையாது. அந்த இருபதாயிரத்த மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபில போடுன்னு சொல்லுதான். வரியாவது மிச்சமாகுமான்னு கேட்டா அதும் இல்ல. கடன் வட்டிக்கு 2 லட்சம் வர 24-ஆம் பிரிவுல கழிவு, அசலுக்கு 80சில ஒன்றரை லட்சம், ரெண்டும் பழைய வரி முறையில இருக்கவங்களுக்குத்தான். புது முறையில நாம குடியிருக்க வீட்டுக்கு அந்த ரெண்டுமே கெடையாது, ஆனா இந்த வருசத்துல இருந்து 12 லட்சம் வர வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டாம். என் சம்பளத்துக்கு எப்படிப் போட்டாலும் வரி பூஜ்யம்.

அவன் சொன்னதுல ஒரு எடத்துலயும் தப்பு இல்ல. அதுதான் எரிச்சலா இருந்துச்சு.

ஸ்டாஃப் ரூம்ல முன்னெல்லாம் யாரு லோன் போட்டாலும் "டாக்ஸுக்குத்தான் டீச்சர்"ம்பாங்க. இந்த வருசம் யாரும் அப்படிச் சொல்றதில்ல, சொல்லவும் முடியாது, ஆனாலும் ரெண்டு பேரு லோன் போட்டிருக்காங்க. ஒருத்தி வெள்ளமடத்துல அஸ்திவாரமே போட்டாச்சு. அப்ப இத்தன வருசமா அந்த டாக்ஸ் பேச்சு வெளிய சொல்றதுக்கு வச்சிருந்த காரணம் போல. உள்ள இருக்கத யாரும் மத்தியான சோத்துப் பாத்திரத்த திறந்து வச்சிட்டு சொல்ல மாட்டாங்கல்ல.

வடசேரி வீட்டு முன்னால ஆம்புலன்ஸ் நிக்காமப் போனத எந்தக் கட்டத்துல எழுதி எதுலருந்து கழிக்கச் சொல்லுதான் அவன்?

11.08.2025

அம்மைக்கு கால் வீக்கம் கூடியிருக்கு. மாத்திரை மாத்திக் குடுத்திருக்காவ. உப்பு கூடாதாம்.

13.08.2025

பேங்க் வக்கீலுக்கு வில்லங்கச் சான்று 30 வருசத்துக்கு இருந்தும் போதல, தாய்ப் பத்திரமும் வேணும்னுட்டார். வீட்ட விக்கிறவிய பழைய டிரங்குப் பெட்டில இருந்து எடுத்துத் தந்தாவ. மலையாளத்துல எழுதினது, சங்கு முத்திரை போட்ட திருவாங்கூர் காயிதம், கொல்லம் 1119 மகரம். 1944-ல எழுதினது, நம்ம ஜில்லா தமிழ்நாட்டுல சேந்தது 1956 நவம்பர் 1, அதனால இதெல்லாம் அங்க உள்ள எழுத்து. வக்கீலுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியல. தக்கலைல வயசான பத்திரம் எழுதுறவர் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி காயிதத்த மூக்குப் பக்கத்துல வச்சு வாசிச்சார். கிழக்க வாய்க்கால், தெக்க நடவழி, வடக்கயும் மேக்கயும் யாரு யாரு பறம்புன்னு வந்துச்சு, அதுக்குப் பெறவு மரம். "தெங்கு மூடு நாலு, பிலாவு மூடு ஒண்ணு, கிணறு ஒண்ணு, உள்பட." ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தி விரல வச்சு வச்சு சொன்னார்.

மரத்தயும் எண்ணி எழுதியிருக்காங்க. பஸ்ல வரும்போது அதயே நெனச்சிட்டு வந்தேன். இப்ப அங்க தெங்கு ரெண்டுதான் நிக்கு. பிலாவு ஒண்ணு நிக்கு, அதே பிலாவான்னு தெரியாது. அம்மைகிட்ட சொன்னதுக்கு, "பிரமாணத்துல இருந்தா விழுற காய் யாருக்குன்னு எவனும் கேக்க மாட்டான்"ன்னு மட்டும் சொன்னா.

17.08.2025, ஞாயிறு

ஆவணி ஒண்ணு, முத ஞாயிறும் சேந்து வந்துச்சு. நாகராஜா கோயில்ல நிக்க எடமில்ல. அம்மை வரவே கூடாதுன்னு சொன்னேன், கேக்கல. பால் ஊத்திட்டு வெளிய வரும்போதே இளைப்பு. ஆட்டோல ஏத்தினப்ப "எறச்சகுளம் போயிட்டுப் போலாம் மக்களே"ன்னா. ஆடி முடியட்டும்னுதான் இத்தன நாள் அவள வீடு பாக்கக் கூட்டிட்டுப் போகல, அட்வான்ஸே ஆனிலதான் குடுத்தோம்.

வீட்டச் சுத்தியே பாக்கல அவ. அடுக்களைய எட்டிப் பாக்கல, கெணத்தப் பாக்கல. ஹால்ல கெடந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து இந்தச் சுவத்தையும் அந்தச் சுவத்தையும் பாத்துட்டே இருந்தா. நான் என்னமோ பிடிக்கலன்னு நெனச்சேன். பெறவு சொன்னா, "தெக்க தல வச்சுக் கெடத்துனாலும் சுத்தி இருவது பேரு இருக்கலாம்."

எனக்கு வாயில வார்த்த வரல.

2011-ல அப்பா பெரியாஸ்பத்திரில போனது விடியக்காலம் மூணு மணி. தம்பி அப்ப படிச்சிட்டு இருந்தான். வடசேரி வீட்டுக்காரருக்கு நான்தான் போன் பண்ணினேன், அவர் கத்தல, திட்டல, மெதுவாத்தான் சொன்னார், "இங்க கொண்டு வராண்டாம்மா, மாடில மருமக மாசமா இருக்கா, தப்பா நெனைக்காண்டாம்"ன்னு. பதினோரு வருசம் அந்த வீட்டுல இருந்தோம், ஒரு மாச வாடகை பாக்கி வச்சதில்ல. ஆம்புலன்ஸ் எங்க தெரு முக்கத் தாண்டும்போது டிரைவர் "இங்கதான?"ன்னு வேகத்தக் கொறச்சார், அம்மை "இல்ல, சுசீந்திரம் போங்க"ன்னா. அத்தை வீட்டுத் திண்ணைல கெடத்தினோம். அப்பாவத் தேடி வடசேரிக்கு வந்த பாதிப் பேரு பூட்டின கேட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காவ. அவரு சைக்கிள் மட்டும் அந்த முத்தத்துல நின்னுச்சு, அத எடுக்கப் போனது பதினாறு கழிஞ்சுதான். அத்தான் நல்லவிய, ஒரு வார்த்த சொல்லல, செலவெல்லாம் அவியதான். ஆனா அம்மை அங்க அழவே இல்ல. அடுத்தவிய வீட்டுல சத்தம் போட்டு அழக் கூடாதுன்னு நெனச்சிருப்பா.

இத தம்பிகிட்ட சொல்ல முடியுமா. அவனும் அந்த ஆம்புலன்ஸுக்குள்ளதான் இருந்தான்.

19.08.2025

ஷார்ஜால இருந்து இவிய, எம் புருசன், போன். ஒண்ணர லட்சம் இந்த வாரம் அனுப்பிருவாவ. ரூம்ல ஆறு பேரு. பத்து மணிக்கு லைட் அணைக்கணும்னு சட்டமாம், அதனால போர்வைக்குள்ள இருந்து மெதுவாப் பேசினாவ. அந்தக் குசுகுசுச் சத்தத்துலயே "மாடிப்படி எங்க இருக்கு? எந்தப் பக்கம் ஜன்னல்?"ன்னு கேட்டுட்டே இருந்தாவ. மாடியே இல்ல அங்க. சரி, மேல எடுத்துக் கட்டலாம்னு சொன்னேன்.

22.08.2025

சாங்ஷன் ஆயாச்சு. 24 லட்சம். கையெழுத்து முப்பத்தஞ்சு எடத்துல போட்டேன்.

25.08.2025

வீட்டு வெல 32, லோன் 24. பாக்கி 8. அது போக முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ரெண்டும் சேத்து 2 லட்சத்து 88 ஆயிரம். பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 1 சதவீதம் கம்மின்னு ஏப்ரல்ல இருந்து வந்துருக்கு, ஆனா 10 லட்சத்துக்குள்ள உள்ள சொத்துக்குத்தான், நமக்கில்ல. அட்வான்ஸ் 1 லட்சம் போக 9 லட்சத்து 88 ஆயிரம் வேணும். சீட்டு 2, இவிய அனுப்பினது ஒண்ணர, மீதி பெரும்பாலும் ஒத்திப் பணத்த நம்பித்தான். இன்னைக்கு வீட்டுக்காரர் சொல்லுதார், "அடுத்த ஒத்திக்காரன் வந்தாத்தான டீச்சர் நான் தர முடியும், காச வீட்டுலயா பூட்டி வச்சிருக்கேன்"ன்னு. மூணு மாசம் முன்னாலயே சொன்னேனே அவர்ட்ட. அவரு சொல்றதும் ஊர்ல நடக்கதுதான். ஆனா செப்டம்பர் 4-க்கு பத்திரம் பதிய டோக்கன் போட்டாச்சு, அத விட்டா மறுநாள் ஓணம் லீவு, அதுக்குப் பெறவு மகாளய பட்சம் தொடங்கிரும், அம்மை பட்சத்துல பதிய ஒத்துக்க மாட்டா.

26.08.2025

தூங்கல.

29.08.2025

வீடு பாக்க ஆள் வந்தாங்க. புருசன் பொஞ்சாதி, கைக்குழந்த, கூட அந்தப் பையனோட அப்பா, கம்பு ஊணி நடக்கிறவர். அந்தப் பொண்ணுக்கு வீடு பிடிச்சுப் போச்சு, தண்ணி எப்பிடி, கரண்டு எப்பிடின்னு என்கிட்ட ஆசையாக் கேட்டா. நான் எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன், நல்லாத்தான் இருக்கு. வெளிய முத்தத்துல வீட்டுக்காரர் அந்தப் பையன ஓரமாக் கூட்டிட்டுப் போயி "அப்பாக்கு வயசு என்ன ஆகுது? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"ன்னு கேக்கிறது காதுல விழுந்துச்சு. எதுக்கு அந்தக் கேள்வின்னு எனக்குத் தெரியும். பையன் சிரிச்சிட்டே "நல்லா இருக்காவ"ன்னான்.

நான் ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கணும். எனக்கு அவங்க 6 லட்சம் வேணும், அதனால வாயத் திறக்கல. பெரியவர் போகும்போது என்னப் பாத்துக் கும்பிட்டார்.

01.09.2025

ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மைக்கு மூச்சு முட்டல். எம் பய ஓடிப் போயி ஆட்டோ கூட்டிட்டு வந்தான். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரில சேத்தாச்சு. நெஞ்சுல நீர் கோத்திருக்காம், ஊசி போட்டு எறக்குதாவ. ஆட்டோல என் கையப் பிடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "நாலாம் தேதி என்ன கெழம?" வியாழன்மா. "இன்னும் மூணு நாள்தான"ன்னா.

02.09.2025

பணம் வந்துச்சு. அஞ்சர. சுண்ணாம்பு அடிக்க, குழாய் மாத்தன்னு அம்பதாயிரத்தப் பிடிச்சிட்டார். வாக்குவாதம் பண்ண நேரமில்ல, வளையலும் செயினும் அடகுக் கடைக்குப் போயாச்சு.

அம்மைக்கு ஆக்சிஜன் எடுத்தாச்சு. கஞ்சி குடிச்சா.

03.09.2025

தம்பி விடியக்காலம் வந்து எறங்கினான். ஒண்ணுமே பேசல. அம்மை கட்டில் பக்கத்துல உக்காந்து கால அமுக்கிட்டே இருந்தான். சாயங்காலம் வராந்தாக்குக் கூப்பிட்டு ஒரு கவர் தந்தான், "வளையல மீட்டு எடுத்துரு எக்கா"ன்னு. வேண்டாம்டான்னேன். "எனக்கும் அந்த ஹால்ல பங்கு வேணும்"ன்னான்.

04.09.2025, வியாழன்

டோக்கன் 17. பேங்க்காரர் டிடி கவரோட வந்துட்டார். சர்வர் மெதுவா ஓடுதாம், இப்பதான் 14 போகுது. தம்பி அம்மை கூட இருக்கான், அங்க இருந்து வீடியோ கால் போட்டான். அம்மை மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. நல்லாருக்கியாம்மான்னு நான் கேக்க முன்னால, "நேத்து ராத்திரி நல்ல காத்துல்லா, எறச்சகுளத்துல காய் எத்தன விழுந்து கெடக்குன்னு போற வழில பாத்தியா"ன்னு கேட்டா. பாக்கல. விக்கிறவியகிட்ட கேட்டேன், மூணு கெடக்குன்னு சொன்னாவ, எடுக்கலியாம், இன்னைல இருந்து உங்களுக்குள்ளதுன்னு விட்டுட்டு வந்தாவளாம்.

17 கூப்பிடுதாங்க. போட்டோ எடுக்கவும் ரேகை வைக்கவும்